கீ வைத்த மரக்குழல்: பராமரிப்பும் பழுதும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எந்தக் குழலைப் பற்றிய பேச்சு இது?

அயர்லாந்தின் மரபிசையில் வாசிக்கிற மரக் குறுக்குக்குழலைப் பற்றி. விரலால் மூடும் துளைகள் 6. அவற்றோடு ஒன்று முதல் எட்டு வரை உலோகக் கீகள். நம் மூங்கில் புல்லாங்குழலில் துளையைப் பாதி மூடி எடுக்கிற ஸ்வரங்களுக்கு இதில் தனித்தனித் துளை போட்டு, ஒவ்வொன்றுக்கும் ஒரு மூடி வைத்திருக்கிறார்கள். அந்த மூடியும் அதன் நெம்புகோலும் சேர்ந்ததுதான் கீ. மூடிக்கு அடியில் ஒட்டிய, தோலோ ஜவ்வோ போர்த்திய சிறு மெத்தைதான் பேடு; காற்றை அடைப்பது அதுதான்.

இந்த வகைக் குழல் அயர்லாந்தில் பிறந்ததல்ல. 19ஆம் நூற்றாண்டில் லண்டனில் கச்சேரி மேடைக்கும் வீட்டு வரவேற்பறைக்குமாகச் செய்யப்பட்டது. ரூடல் அண்டு ரோஸ் பட்டறைக் குழல்கள் இன்றும் பலருக்கு அளவுகோல். ஜெர்மன் குழல் கலைஞர் தியோபால்டு போம் 1832இலும் 1847இலும் புதிய அமைப்பைக் கொண்டுவந்த பிறகு மேற்கத்திய செவ்வியல் இசைக்காரர்கள் மெல்ல அதற்கு மாறினார்கள். அவர்கள் கைவிட்ட பழைய மரக்குழல்கள் மலிவாக அயர்லாந்து கிராமத்து வாசிப்பவர்கள் கைக்குப் போய்ச் சேர்ந்தன. இன்று புதிதாகச் செய்பவர்களும் பெரும்பாலும் அந்த லண்டன் குழல்களைப் பார்த்தே செய்கிறார்கள். அதனால் கீழே சொல்வது பழைய குழலுக்கும் பொருந்தும், புதியதற்கும் பொருந்தும்.

எட்டுக் கீ எதெதற்கு?

மேற்கத்திய ஸ்வரப் பெயர்களில் (ஷார்ப் என்றால் அரை ஸ்வரம் மேலே, ஃபிளாட் என்றால் அரை ஸ்வரம் கீழே), மேலிருந்து கீழே: சி, பி ஃபிளாட், ஜி ஷார்ப், நீள எஃப், குட்டை எஃப், ஈ ஃபிளாட், கீழ் சி ஷார்ப், கீழ் சி. எஃப்புக்கு மட்டும் ஏன் இரண்டு? குட்டை எஃப்பை வலது மோதிர விரல்தான் அமுக்க வேண்டும். டி ஸ்வரத்தில் அதே விரல் ஒரு துளையை மூடிக்கொண்டிருக்கும். டியிலிருந்து எஃப்புக்குப் போவதென்றால் விரலை வழுக்கிக்கொண்டு போக வேண்டும். அந்த இடத்துக்காகத்தான் இடது சுண்டுவிரலுக்கு நீள எஃப்.

பழுது பார்க்க வருபவர் தெரிந்துகொள்ள வேண்டியது வேறு ஒன்று. முதல் ஆறு கீயும் சும்மா இருக்கும்போது மூடியிருப்பவை. ஸ்பிரிங்தான் அவற்றை மூடி வைத்திருக்கிறது. கடைசி இரண்டும் திறந்திருப்பவை, அமுக்கினால்தான் மூடும். மூடியிருக்கும் கீ ஒன்று கசிந்தால், அதற்குக் கீழே உள்ள எல்லா ஸ்வரமும் கெடும். பி ஃபிளாட் கீயில் மயிரிழை இடைவெளி இருந்தாலும் போதும், அதை நீங்கள் வாசிக்கவே மாட்டீர்கள் என்றாலும், ஆறு துளையையும் மூடினால் வருகிற கீழ் டி நோஞ்சானாகிவிடும்.

கீழ் டி சரியாகப் பேசவில்லை. பேடு எல்லாவற்றையும் மாற்றிவிடலாமா?

வேண்டாம். எங்கே கசிகிறது என்று தெரியாமல் எதையும் கழற்றாதீர்கள். ஆறு பேடையும் மாற்றிய பிறகும் அதே நோஞ்சான் டியோடு உட்கார்ந்திருப்பவர்கள் உண்டு. கசிவு கடைசியில், குழலின் துண்டுகள் சேரும் மூட்டில் சுற்றிய நூலில் இருக்கும்.

முதலில் உறிஞ்சிப் பார்க்கும் சோதனை. தலைத்துண்டைக் கழற்றி வையுங்கள். நடுத்துண்டின் கீழ் வாயை உள்ளங்கையால் அல்லது ஒரு கார்க்கால் அடைத்து, ஆறு துளையையும் விரலால் மூடி, மேல் முனையில் வாய் வைத்துக் காற்றை உறிஞ்சுங்கள். நாக்கு நுனியால் முனையை அடைத்தால், நல்ல குழல் சில நொடி நாக்கைப் பிடித்து வைத்திருக்கும். எடுக்கும்போது 'டப்' என்று ஒரு சத்தம் வரும். கசியும் குழலில் பிடிப்பே இருக்காது. அடித்துண்டையும் இதே மாதிரி தனியாகச் சோதிக்க வேண்டும்; ஈ ஃபிளாட் கீ பல குழல்களில் அங்கேதான் இருக்கிறது.

இந்தச் சோதனைக்கு ஒரு குறை உண்டு. உள்ளிருந்து உறிஞ்சும்போது பேடு துளையை நோக்கி இழுக்கப்படுகிறது. தளர்ந்த ஸ்பிரிங்கூட அந்த நேரத்தில் நல்ல பிள்ளையாக நடிக்கும். அதனால் அடுத்து மெதுவாக ஊதியும் பாருங்கள். ஊதும்போது காற்று பேடை வெளியே தள்ளும். உறிஞ்சினால் பிடிக்கிறது, ஊதினால் கசிகிறது என்றால் பேடு நன்றாகவே இருக்கிறது, ஸ்பிரிங்தான் சோர்ந்துவிட்டது. இரண்டிலும் கசிந்தால் பேடு, அது உட்காரும் துளை விளிம்பு, மரத்தில் விரிசல் என்று தேட வேண்டும்.

எந்தக் கீ என்று கண்டுபிடிக்க, சமையலறையில் உணவு மூடும் மெல்லிய பிளாஸ்டிக் தாள் போதும். ஒரு பட்டையாகக் கிழித்து, ஒரு கீயின் பேடுக்கும் துளைக்கும் நடுவே வைத்து மூடவிட்டு, மறுபடி உறிஞ்சிப் பாருங்கள். திடீரென்று பிடிப்பு வந்துவிட்டால் அந்தக் கீதான். எந்தக் கீயிலும் மாற்றம் இல்லையென்றால் அதே தாளை மூட்டுகளின் மேல் சுற்றிப் பாருங்கள்.

ஆளைப் பிடித்தாயிற்று, இனி பேடின் எந்தப் பக்கம் என்று பார்க்க வேண்டும். சிகரெட் சுற்றும் தாளை 3 மில்லிமீட்டர் அகலத்துக்கு, நுனி கூராக நறுக்கிக்கொள்ளுங்கள். நுனியைப் பேடின் அடியில் வைத்து, கீயைத் தானாக மூடவிட்டு, தாளை மெல்ல இழுங்கள். முன்பக்கம், பின்பக்கம், இடம், வலம் என்று நான்கு இடத்திலும் இழுப்பு ஒரே மாதிரி இருக்க வேண்டும். ஒரு பக்கம் தாள் தடையின்றி வழுக்கிக்கொண்டு வந்தால் கசிவு அங்கே. இழுக்கும்போது கீயை விரலால் அமுக்காதீர்கள். வாசிக்கும்போது அதை மூடி வைத்திருக்கப் போவது ஸ்பிரிங் மட்டும்தான். சாதாரண எழுதும் தாள் இதற்கு ஆகாது, தடிமன் அதிகம்.

தலைத்துண்டில் கசிவு வராதா?

வரும், அடிக்கடியே வரும். பழைய குழல்களில் தலைத்துண்டுக்குள் பித்தளை அல்லது வெள்ளிக் குழாய் ஒன்று இருக்கும். மரம் காய்ந்து சுருங்கும், உலோகம் சுருங்காது. நடுவில் மரம் வெடிக்கும். வெளியே பார்த்தால் கோடு மாதிரிதான் தெரியும், ஆனால் வாய்த்துளை வழியாக உள்ளே போகும் காற்று உலோகத்துக்கும் மரத்துக்கும் இடையில் புகுந்து அந்தக் கோடு வழியே வெளியேறிவிடும். வாய்த்துளையை விரலால் அடைத்து, கீழ் முனையில் உறிஞ்சிப் பாருங்கள். அங்கே பிடிப்பு இல்லையென்றால் கீயைப் பழி சொல்லிப் பயனில்லை.

பேடை எப்போது மாற்ற வேண்டும்?

தோல் கல்லாக இறுகிவிட்டால், துளையின் வளையம் ஆழமாகப் பதிந்து ஒரு பக்கம் கிழிந்திருந்தால், மேல் ஜவ்வு உரிந்திருந்தால், பூச்சி அரித்திருந்தால். நிறம் கறுத்துவிட்டது என்பது காரணமே அல்ல. கறுத்துப்போன தோல் பேடு, காற்றை அடைக்கிற வரையில் அப்படியே இருக்கட்டும்.

பழைய குழலில் ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். 'சால்ட் ஸ்பூன்' என்று பெயர் பெற்ற குழிந்த கிண்ணக் கீகள், உள்ளே பஞ்சோ கம்பளியோ திணித்த, உப்பலான தோல் பேடுக்காகச் செய்யப்பட்டவை. இன்று கடையில் கிடைப்பது தட்டையான கிளாரினெட் பேடு. அளவு சரியாக இருந்தாலும் தடிமன் ஒத்துவராமல் போகலாம். தடிமன் கூடினால் பேடின் பின்பக்கம், அதாவது கீல் இருக்கிற பக்கம், முதலில் மரத்தைத் தொட்டு நின்றுவிடும். முன்பக்கம் தூக்கிக்கொண்டு இருக்கும். எவ்வளவு ஸ்பிரிங் பலம் கொடுத்தாலும் அது மூடாது. வாங்குவதற்கு முன் கிண்ணத்தின் உள்விட்டத்தை வெர்னியர் காலிப்பரால் அளந்துகொள்ளுங்கள். ஒரே குழலில் எல்லாக் கிண்ணமும் ஒரே அளவு என்று நினைக்க வேண்டாம். கையால் செய்த சாமான்.

சரி, மாற்றுவது எப்படி?

தேவையானவை: நுனியைத் தட்டையாகத் தேய்த்த தடித்த ஊசி, சிறு சாமணம், ஸ்பிரிட் விளக்கு, அரக்குக் குச்சி, புதுப் பேடு. அரக்கு என்று சொல்வது ஷெல்லாக். ஜார்க்கண்ட் பக்கத்துக் காடுகளில் மரக்கிளைகளில் பூச்சி உண்டாக்குகிற அதே அரக்குதான் உலகத்தின் கிளாரினெட், ஓபோ, மரக்குழல் பேடுகளை ஒட்டிக்கொண்டிருக்கிறது. சூட்டுக்கு இளகும், ஆறினால் இறுகும். மறுபடி சூடாக்கி எத்தனை முறை வேண்டுமானாலும் பேடை நகர்த்தலாம். ஹாட் குளூவும் பரவாயில்லை. சூப்பர் குளூ மட்டும் கூடவே கூடாது; ஒட்டிய பிறகு நகர்த்த முடியாது, அடுத்து வேலை செய்பவர் உங்களைத் திட்டிக்கொண்டே கிண்ணத்தைச் சுரண்ட வேண்டியிருக்கும்.

பின்னை, அதாவது கீலுக்குக் குறுக்கே போகும் கம்பியை, தள்ளிக் கீயைக் கழற்றுங்கள். கிண்ணத்தின் வெளிமுதுகை மட்டும் சுடரில் காட்டுங்கள். ஸ்பிரிங் பக்கம் சுடர் போகக் கூடாது. எஃகு ஸ்பிரிங் ஒரு முறை சூடேறினால் முறுக்கை இழந்துவிடும், பிறகு திரும்பாது. வெள்ளி சூட்டை வேகமாகக் கடத்தும்; அதனால் சில நொடி காட்டி, எடுத்து, மறுபடி காட்டுங்கள். பழைய பேடு வழுக்கி விழும். ஒட்டியிருக்கும் பழைய அரக்கை மரக்குச்சியால் வழித்துவிடுங்கள்.

புதுப் பேடு ஜவ்வு போர்த்தியது என்றால், பக்கவாட்டில் ஓர் ஊசித் துளை போடுங்கள். இதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். சூட்டில் உள்ளே இருக்கும் காற்று விரிந்து ஜவ்வு உப்பிக்கொள்ளும். அது வெளியேற வழி வேண்டும். கிண்ணத்தில் அரக்கை உருக்கி, அடியை முழுக்க மூடும் அளவுக்கு விட்டு, பேடை வைத்து, தட்டையான எதிலாவது மெல்ல அமுக்குங்கள். அரக்கு வெளியே பிதுங்கக் கூடாது.

இனித்தான் வேலையின் பாதி. கீயைக் குழலில் மாட்டி, ஒரு தட்டைக் கரண்டிக் காம்பைச் சூடாக்கி, கிண்ணத்தின் முதுகில் வையுங்கள். சுடரைக் குழலின் பக்கத்தில் கொண்டுபோகவே கூடாது. அரக்கு இளகியதும் பேடு தானாக நகர்ந்து துளையின் விளிம்போடு சமமாக உட்காரும். விரலால் அழுத்திப் பதிக்காமல் ஸ்பிரிங் அழுத்தத்திலேயே ஆற விடுங்கள். ஆறிய பிறகு சிகரெட் தாள் சோதனை. ஒரு பக்கம் விட்டிருந்தால் மறுபடி சூடு, மறுபடி தாள். முதல் தடவையிலேயே நான்கு பக்கமும் பிடித்தால் அது அதிர்ஷ்டம்.

பின்னைக் கழற்றி மாட்டுவதில் என்ன பெரிய விஷயம்?

குழலுக்குச் சேதம் வருவது பெரும்பாலும் இங்கேதான். மரத்தைக் கடைந்தபோதே விட்டுவைத்த ஒரு மேட்டில் பள்ளம் வெட்டி, அதற்குள் கீயை வைத்து, குறுக்கே ஒரு கம்பியைச் செலுத்தியிருக்கிறார்கள். அந்த மேட்டுக்குப் பிளாக் என்று பெயர். பள்ளத்தின் இரு பக்கமும் நிற்கும் மரச்சுவர் மெல்லியது. பின்னைத் தள்ளும்போது எதிர்ப்பக்கச் சுவருக்கு ஒரு மரத்துண்டை முட்டுக் கொடுங்கள். எந்த முனை சற்று வெளியே நீட்டியிருக்கிறதோ அந்தப் பக்கமாக வெளியே எடுங்கள். வந்த பக்கத்தையும் எந்தக் கீயின் பின் என்பதையும் குறித்துவையுங்கள். ஒன்றின் பின் மற்றொன்றில் சரியாக உட்காராது.

மாட்டும்போது ஸ்பிரிங் கீயை மேலே தூக்கிக்கொண்டிருக்கும், துளைகள் நேராக வராது. கீலுக்கு நேர் மேலே கட்டைவிரலால் அமுக்கி, பக்கவாட்டுத் துளை வழியாக எதிர்ப்பக்க வெளிச்சம் தெரிகிறதா என்று பாருங்கள். தெரிந்தால் மட்டும் பின்னைச் செலுத்துங்கள். தெரியாமல் தள்ளினால் பின் மரத்துக்குள் தனக்கென்று புது வழி போட்டுக்கொள்ளும். அப்புறம் அந்தக் கீ என்றைக்கும் ஆடும்.

துருப்பிடித்து இறுகிய எஃகுப் பின்னுக்குத் துரு இளக்கும் எண்ணெய் ஒரு துளி, ஓர் இரவு பொறுமை. மறுநாளும் அசையவில்லையென்றால் மறுபடி ஒரு துளி. சுத்தியல் வேண்டாம். பின் தளர்ந்து தானாக வெளியே வருகிறது என்றால், கம்பியை நடுவில் கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் வளைத்துவிட்டால் பிடித்துக்கொள்ளும். பழைய வைத்தியம்தான், நன்றாக வேலை செய்கிறது.

சென்னைக்குக் கொண்டுவந்ததும் கீ பள்ளத்திலேயே சிக்கிக்கொள்கிறது. ஏன்?

மழைக்காலத்தில் வீட்டுக் கதவு நிலையில் சிக்குகிற அதே கதை. ஈரத்தில் மரம் ஊதி, பிளாக்கின் இரு சுவரும் கீயை நெருக்குகின்றன. அமுக்கினால் போகும், விட்டால் திரும்ப வராது, அல்லது தூங்கி வழிந்துகொண்டு வரும். ஸ்பிரிங் தளர்ந்துவிட்டது என்று நினைத்து அதை முறுக்குவார்கள். அது தப்பு மருந்து.

உடனே உப்புத்தாளை எடுக்க வேண்டாம். ஐப்பசி, கார்த்திகையில் தேய்த்த பள்ளம் மாசியில் மரம் சுருங்கியதும் அகலமாகிவிடும், கீ இட வலமாக ஆடும், பேடு தினம் ஓர் இடத்தில் உட்காரும். முதலில் குழலை மூடிய பெட்டியில், 40 முதல் 60 சதவீத ஈரப்பதத்தில் சில நாள் வைத்துப் பாருங்கள். சின்ன ஈரப்பத மானி ஒன்று பெட்டிக்குள் இருப்பது நல்லது. ஏசி அறையிலிருந்து வெளியே, வெளியிலிருந்து ஏசிக்கு என்று அலைக்கழிப்பதுதான் மரத்துக்குப் பெரிய எதிரி. ஒரே அளவில் இருக்கும் ஈரத்தை அது தாங்கிக்கொள்ளும்.

பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் பொட்டலங்களைக் கொட்டி வைப்பதும் ஆபத்து. காய்ந்துபோய் மரம் வெடித்தால் கீ சிக்கியதெல்லாம் ஒன்றுமே இல்லை என்றாகிவிடும்.

எல்லாக் காலத்திலும் சிக்குகிறது என்றால் மட்டும் தேய்க்கலாம். கீயைக் கழற்றி, எங்கே உரசுகிறது என்று பள்ளத்துக்குள் பாருங்கள். அந்த இடம் பளபளப்பாக இருக்கும். மெல்லிய தகட்டின் மேல் 400 நம்பர் உப்புத்தாளை ஒட்டி, அந்த இடத்தை மட்டும் இரண்டு இழுப்பு. மாட்டிப் பார்த்து, தேவைப்பட்டால் இன்னும் ஓர் இழுப்பு. வெள்ளிக் கீயைத் தேய்க்க வேண்டாம்.

ஸ்பிரிங் எவ்வளவு பலமாக இருக்க வேண்டும்?

கீழ் டியைப் பலமாக ஊதினாலும் பேடு எழும்பாத அளவு. அதற்கு மேல் ஒரு துளிகூட வேண்டாம், சுண்டுவிரல் களைத்துப்போகும்.

பெரும்பாலான மரக்குழல்களில் ஸ்பிரிங் தட்டையான பட்டை. கீயின் அடியில் ஒரு முனை ரிவெட் அடித்து, மறுமுனை மரத்தின் மேல் வழுக்கிக்கொண்டிருக்கும். பலம் கூட்ட வேண்டுமானால் பட்டையின் முழு நீளத்தையும் நகத்தால் நீவி, மெல்லிய வளைவு வரவையுங்கள். ரிவெட் ஓரத்தில் இடுக்கியால் மடக்கினால் அங்கேயே ஒடியும். இன்றைக்கு இல்லாவிட்டால் அடுத்த மாதம். நுனி வழுக்குகிற இடத்தில் மரத்தில் கோடு விழுந்து தடை உண்டாகியிருந்தால் ஒரு பொட்டு கிரீஸ் போதும். நல்ல குழல்களில் அந்த இடத்தில் ஓர் உலோகத் தகடே பதித்திருப்பார்கள்.

கடலோர ஊர்களில் எஃகு ஸ்பிரிங் துருப்பிடிக்கும். மாற்ற நேரும்போது பாஸ்பர் பிரான்ஸ் என்ற வெண்கல வகையைக் கேளுங்கள். துரு என்ற பேச்சே இருக்காது. அது எஃகைவிடச் சற்று மென்மை, அவ்வளவுதான்.

கச்சேரிக்கு முன் ஸ்பிரிங் ஒடிந்துவிட்டது!

கீயைப் பருத்தி நூலால் குழலோடு சேர்த்து இறுகக் கட்டிவிடுங்கள். ஒரு ஸ்வரம் போகும், மற்றவை பிழைக்கும். ரப்பர் பேண்டு போடுவார்கள். ஒரு மணி நேரத்துக்கு ஒன்றும் ஆகாது. ஆனால் கழற்ற மறந்து பெட்டியில் வைத்தால் ரப்பரில் இருக்கும் கந்தகம் வெள்ளியைக் கறுப்பாக்கிவிடும்.

அடித்துண்டில் இருக்கும் இரண்டு கீயில் பேடே இல்லையே, ஈயம் மாதிரி ஏதோ இருக்கிறது?

அது பியூட்டர் எனும் வெள்ளீயக் கலவை. கூம்பு வடிவ அடைப்பான், வெள்ளித் தகட்டில் வெட்டிய கூம்புத் துளைக்குள் போய் உட்காரும். ரிச்சர்ட் பாட்டர் என்ற லண்டன் குழல் கலைஞர் 1785இல் காப்புரிமை வாங்கிய ஏற்பாடு. பூச்சி அரிக்காது. ஆனால் அமுக்கினால் 'டக்' என்று சத்தம் போடும்.

இந்த அடைப்பான் தண்டில் லேசாக ஆடுவது பழுது அல்ல. துளையில் தானே நேராக உட்கார வேண்டும் என்று அப்படித்தான் தளர்வாக ரிவெட் அடித்திருக்கிறார்கள். 'ஆடுகிறது' என்று யாராவது பசை வைத்து இறுக்கியிருந்தால் அதுதான் பழுது. சரியாக மூடுகிறதா என்று பார்க்க, கூம்பின் மேல் மார்க்கர் பேனாவால் பூசி, மூடி, லேசாகத் திருகி எடுங்கள். மை சுற்றிலும் ஒரே வளையமாக அழிந்திருந்தால் நல்லது. ஒரு பக்கம் மட்டும் அழிந்திருந்தால் தண்டு வளைந்திருக்கிறது. சின்னக் குறைக்கு ஒரு துளி வாசலைன் தடவினாலே அடைத்துக்கொள்ளும்.

அது சரி, இந்த இரண்டு கீயும் திறந்தே இருப்பவை. கசிந்தாலும் டி கெடாது. கீழ் சி வாசிப்பதே இல்லை என்றால் இதற்காக மெனக்கெட வேண்டாம். அயர்லாந்து இசையில் அந்த இரண்டு ஸ்வரத்தைத் தொடாமலே காலம் தள்ளுபவர்கள் ஏராளம்.

பேடு ஒட்டிக்கொண்டு 'இச்' என்று சத்தம் வருகிறது.

எச்சில் ஈரமும் சர்க்கரையும். சிகரெட் தாளைப் பேடின் அடியில் வைத்து மூடித் திறந்து, மூடித் திறந்து, ஈரத்தை ஒற்றி எடுங்கள். பேடு ஈரமாக ஒட்டிக்கொண்டிருக்கும்போது, மூடியபடி தாளை உருவ வேண்டாம், ஜவ்வு கிழியும். முகப் பவுடர் போடாதீர்கள். அடுத்த மழையில் அது மாவாகிப் பசையாகும். வாசிக்கும் முன் வாயைக் கொப்பளித்தால் இந்தத் தொல்லை பாதி குறையும், அதிலும் காபி குடித்திருந்தால்.

மரத்துக்கு எண்ணெய் போடும்போது கீயைக் கழற்ற வேண்டுமா?

கழற்றாமலே செய்யலாம். ஒவ்வொரு பேடுக்கும் துளைக்கும் நடுவே பிளாஸ்டிக் தாள் துண்டு ஒன்றைச் செருகிவிட்டால் போதும். பேடில் எண்ணெய் ஏறினால் அந்தப் பேடின் ஆயுள் முடிந்தது. பாதாம் எண்ணெய் பரவலாகப் பயன்படுவது. தேங்காய் எண்ணெய் குளிரில் உறைந்துகொள்ளும், துளை ஓரங்களில் படியும், வேண்டாம். துணியில் சில சொட்டு விட்டு உள்பக்கம் மெல்லியதாகப் பூசி, சில மணி நேரம் கழித்து மிச்சத்தைத் துடைத்துவிட்டு, பிறகு தாள்களை எடுங்கள். தலைத்துண்டில் உலோகக் குழாய் இருந்தால் அதற்கு உள்ளே எண்ணெய் போட்டு என்ன பயன்?

கீல் பின்னுக்குத் தையல் மெஷின் எண்ணெய். ஊசி நுனியில் தொட்டு வைக்கும் அளவு. டப்பாவிலிருந்து நேராக விட்டால் அது வழிந்து பிளாக்கில் ஊறி, கடைசியில் பேடுக்குப் போய்ச் சேரும்.

வெள்ளிக் கீ கறுத்துவிட்டது.

வெள்ளி துடைக்கும் துணியால் துடையுங்கள். முக்கி எடுக்கும் திரவங்கள், பற்பசை, விபூதி எதுவும் வேண்டாம். தூள் கீலுக்குள் போய் அரைக்கும்.

கீ 'கடகட' என்று சத்தம் போடுகிறது.

மூடும்போதா, திறக்கும்போதா என்று கவனியுங்கள். திறக்கும்போது என்றால் கீயின் வால் மரத்தில் மோதுகிறது. அடியில் மெல்லிய தோல் துண்டு ஒட்டினால் தீர்ந்தது. ஆனால் தோல் தடித்தால் கீ போதுமான அளவு திறக்காது, அந்த ஸ்வரம் இறங்கிவிடும். மூடும்போது என்றால் பேடு இறுகியிருக்கலாம். இரண்டும் இல்லாமல் பக்கவாட்டில் ஆடிக்கொண்டு கடகடத்தால் கீல் துளை தேய்ந்திருக்கிறது. சற்றுத் தடித்த பின் போட்டுப் பார்க்கலாம். அதற்கும் அடங்கவில்லையென்றால் துளைக்குள் சிறு குழாய் வைத்து இறுக்கும் வேலை, அது பட்டறைக்காரர் கையில்.

தினமும் என்ன செய்ய வேண்டும்?

வாசித்ததும் உள்ளே துணியால் துடைத்து, துண்டு துண்டாகக் கழற்றி வையுங்கள். மாட்டும்போதும் கழற்றும்போதும் கீயைப் பிடித்துத் திருகாதீர்கள். நடுத்துண்டு இரண்டாகப் பிரியும் குழல்களில் நீள எஃப் கீ மூட்டைத் தாண்டி நீட்டிக்கொண்டிருக்கும். அதுதான் முதலில் வளையும். கீ இருக்கும் பக்கம் அடியில் படும்படி குழலை மேசையில் கிடத்த வேண்டாம்.

முதல் குழலே கீ வைத்ததாக வாங்கலாமா?

என் யோசனை, வேண்டாம். அயர்லாந்து மெட்டுகளில் பெரும்பகுதி டி, ஜி மேஜர் ஸ்கேல்களிலும் அவற்றைச் சேர்ந்த மைனர் ஸ்கேல்களிலும் ஓடுகிறது. ஆறு துளையே போதும். சி நேச்சுரலைக்கூட, அதாவது ஷார்ப் இல்லாத சியைக்கூட, விரல் மாற்றிப் போட்டு எடுத்துவிடலாம். கீ சேர்ந்தால் விலை பல மடங்கு ஏறும், நல்ல கலைஞரிடம் வருடக்கணக்கில் காத்திருக்கவும் நேரும். கீ இல்லாத குழலில் சத்தம் வந்த பிறகு யோசியுங்கள். கீ அவசியம் என்று தோன்றினாலும் ஈரத்தோடு மல்லுக்கட்ட விருப்பமில்லை என்றால், டெல்ரின் எனும் பிளாஸ்டிக்கில் கீ வைத்துச் செய்பவர்களும் இருக்கிறார்கள்.

எந்த வேலைக்கு ஆளைத் தேட வேண்டும்? இங்கே யார் செய்வார்கள்?

பிளாக் சுவர் உடைந்தால், பேடு உட்காரும் விளிம்பில் மரம் சில்லு பெயர்ந்தால், விரிசல் துளை வழியாக ஓடினால், ஸ்பிரிங் ரிவெட் அடிக்க வேண்டுமென்றால் நீங்களே முயல வேண்டாம்.

மரக்குழல் என்று கேட்டால் தமிழ்நாட்டில் ஆள் கிடைப்பது கஷ்டம். கிளாரினெட் என்று கேளுங்கள். ஏ.கே.சி. நடராஜன் போன்றவர்கள் கர்நாடக மேடையில் வாசித்த வாத்தியம், ஊர் பேண்டு செட்டிலும் இருக்கிறது. அதனால் அதைப் பழுது பார்க்கிறவர்கள் இருக்கிறார்கள். பேடும் அரக்கும் அவர்களுக்குப் பழகிய சரக்கு. ஆனால் கிளாரினெட் கீ உலோகத் தூண்களில் நிற்பது. மர பிளாக்கில் பின் போட்ட கீயை அவர்கள் அதிகம் பார்த்திருக்க மாட்டார்கள். கொடுக்கும்போதே பின் எந்தப் பக்கமாக வர வேண்டும் என்று காட்டிவிடுங்கள், முடிந்தால் கீயை நீங்களே கழற்றிக் கீயை மட்டும் கொடுங்கள்.

பழைய லண்டன் குழல் என்றால் இன்னொன்று: மாற்றிய பேடு, ஒடிந்த ஸ்பிரிங், வளைந்த பின் எதையும் தூக்கிப் போடச் சொல்லாதீர்கள். ஒரு சின்ன உறையில் போட்டு, எந்தக் கீயினுடையது என்று எழுதிப் பெட்டியிலேயே வையுங்கள். அடுத்து அளவெடுக்கப் போகிறவருக்கு அது வேண்டியிருக்கும்.